நீலச் சீட்டு, மஞ்சள் சீட்டு

— ஆறு தடவை ஓட்டுப் போட்டாச்சும்மா, ஆறு தடவையும் அதே கூத்துதான். தாக்ஸ்டர் ஐயாவுக்கு அறுபத்தொண்ணு, கோ ஐயாவுக்கு அம்பத்தொம்பது, எங்க ஆளுக்கு எட்டு. ஒரு சீட்டுகூட அங்க இங்க அசையல.

— முதல்ல கதவைச் சாத்து ஜோசையா, குளிர் உள்ள வருது. மொத்தம் நூத்தி இருபத்தெட்டு. பாதிக்கு மேல வாங்கினாத்தான் ஜெயிப்பு. அப்போ விக் கட்சித் தாக்ஸ்டருக்கு நாலு குறையுது, டெமாக்ரட் கட்சிக் கோவுக்கு ஆறு குறையுது. உங்க விடுதலைக் கட்சிக்கு...

— அம்பத்தேழு குறையுது. சொல்லிக் காட்டாதீங்க.

— சொல்லிக் காட்டலப்பா, கூட்டிப் பார்க்கிறேன். அடுத்த சுத்து எப்போ?

— மூணு மணிக்கு மணி அடிப்பாங்க. அதுதான் கடைசி. பொழுது சாயறதுக்குள்ள யாரும் ஜெயிக்கலன்னா சட்டப்படி இந்த வருஷம் பாஸ்டன் சட்டசபையில நம்ம ஊருக்கு ஆளே கிடையாது. நாற்காலி காலி.

— போன வருஷமும் காலிதானே. அந்த ரெண்டு பெரிய மனுஷங்களுக்கும் அதுல ஒரு வருத்தமும் இல்ல. தனக்குக் கிடைக்காட்டி போகுது, அடுத்தவன் உக்காரக் கூடாது.

— காலியா இருந்ததால என்ன ஆச்சுன்னு நெனச்சுப் பாருங்க. அடிமை பிடிக்க வர்றவனுக்கு நம்ம காவல்காரங்க ஒத்தாசை பண்ணக் கூடாது, நம்ம ஜெயிலைத் தொறந்துவிடக் கூடாதுன்னு சட்டம் கொண்டுவந்தாங்க. ஒரே ஓட்டுல தோத்துச்சு. ஒரே ஓட்டும்மா! அது நம்ம ஊர் நாற்காலியோட ஓட்டு.

— தெரியும். நான்தான் அந்தச் செய்தியை அச்சுக் கோத்தேன். கோக்கும்போதே வயிறு எரிஞ்சுது. ஆனா உனக்கென்னப்பா இத்தனை பதட்டம்? நீ நான்டக்கெட் தீவுல சுதந்திரமாப் பொறந்தவன். உங்கப்பா திமிங்கலம் பிடிச்சவரு.

— ஆமா... பிடிச்சவருதான்.

— திமிங்கலம் பிடிச்சவரு பிள்ளை, நம்ம மில்லுக் குளத்துப் படகுல கால் வெச்சாலே குமட்டிக்கிட்டு ஓடுற. மீன் வாடையே ஆகாது.

— எல்லாருக்கும் எல்லாமும் ஒத்துக்குதா? பேச்சை மாத்தாதீங்கம்மா. பக்கத்து ஊர் சத்திரத்துல வர்ஜீனியாக்காரன் ஒருத்தன் வந்து தங்கியிருக்கான். ரெண்டு நாய், ஒரு கட்டு நோட்டீஸ். நீ சுதந்திரமாப் பொறந்தவனா, ஓடிவந்தவனான்னு நிதானமா விசாரிச்சுட்டா அவன் கை வெப்பான்?

— அதுக்குத்தான் காலையில லீவு கேட்டியா? கனடாவுல அத்தை இருக்காங்கன்னு?

— ஆமா. நாற்காலி காலின்னா நாளைக்கே கெளம்பிடுறேன். அத்தைக்கு உடம்பு ரொம்ப முடியல.

— நாற்காலி நெறைஞ்சா அத்தை எழுந்து உக்காந்துடுவாங்களோ?

— அம்மா...

— சரி, சரி. நீ போயிட்டா இந்த மெஷினை யார் இழுக்கிறது? என் தோள்பட்டையில அந்தத் தெம்பு இல்ல. ஒன்பது வருஷமாப் பழகின கை உன்னோடது. தொப்பியைக் கொஞ்சம் மேல ஏத்திக்கோயேன், அடுப்புப் பக்கத்துல நின்னுக்கிட்டு ரெண்டு காதையும் வேக வைக்கிற.

— அச்சாபீஸ்காரன் காகிதத் தொப்பி இல்லாம இருக்கலாமா? இருக்கட்டும்.

— இருக்கட்டும். உங்க வேட்பாளர் எங்க? ஏமஸ் பெக்கம்?

— சபை மண்டபத்து வாசல்ல உக்காந்து ரொட்டியும் சீஸும் சாப்பிட்டுக்கிட்டு இருக்கார். தோக்கிறதைப் பத்தி அவருக்குக் கவலையே இல்ல. க்வேக்கர் மதக்காரர் ஆச்சே. சத்தியத்துக்கு ஓட்டு எட்டா இருந்தா என்ன, எண்ணூறா இருந்தா என்னங்கிறார்.

— அவருக்கு என்னவா இருந்தாலும் ஒண்ணுதான். எனக்கு அப்படி இல்ல. நான் சொல்றதைக் கேளு. பெக்கம் வண்டிச் சக்கரம் செய்யற ஆளு. கோவோட வண்டி வலது பக்கம் கிறீச் கிறீச்சுனு கத்துது, ஊருக்கே கேட்குது. போய் அந்தச் சக்கரத்தைக் கொஞ்சம் குனிஞ்சு பார்க்கச் சொல்லு. கோவும் பக்கத்துல வந்து குனிவாரு. கால் மணி நேரம் ரெண்டு பேரும் தலையும் தலையும் சேர்த்துப் பேசட்டும். போகும்போது கையைக் குலுக்கட்டும்.

— சக்கரத்தைப் பத்தி மட்டுமா?

— சக்கரத்தைப் பத்தி மட்டும். ஒரு பொய் வேண்டாம். அது முடிஞ்சதும் தாக்ஸ்டரோட கோச்சு வண்டி. அந்த அச்சாணியும் தேஞ்சுதான் கெடக்கு.

— தாக்ஸ்டர் ஐயா கடை ஜன்னல்ல இருந்து பார்த்தா கோ வண்டி நல்லாத் தெரியும்...

— தெரியும்.

— கோ ஐயா தோல் கிடங்கு வாசல்ல இருந்து பார்த்தா கோச்சு வண்டி...

— அதுவும் தெரியும். ஓடு!

* * *

— மிஸஸ் லோரிங், வணக்கம். கண்ணியமான ஒரு வேலை இருக்கு. ரகசியமா இருக்கணும்.

— வாங்க மிஸ்டர் தாக்ஸ்டர். என்ன, முகமெல்லாம் செவந்திருக்கு?

— கண்ணியமாச் சொன்னா, எனக்குக் கோபம். கண்ணியம் இல்லாமச் சொன்னா, அந்தத் தோல்காரன் என் முதுகுல குத்திட்டான். என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன். பெக்கமும் அவனும் வண்டிச் சக்கரத்துக்குப் பின்னால குனிஞ்சு, தலையோட தலை முட்ட, குசுகுசுன்னு! எந்திரிச்சதும் கை குலுக்கல் வேற! விடுதலைக் கட்சி எட்டு ஓட்டும் அவன் பக்கம் போகுது மிஸஸ் லோரிங்.

— அப்படியா தோணுது?

— தோணுறதா? வேற எதுக்கு ஒரு கட்சித் தலைவன் இன்னொரு கட்சித் தலைவனோட சக்கரத்துக்குப் பக்கத்துல குனிவான்? நாளைக்கே அந்த நாத்தம் பிடிச்ச கிடங்குக்கு அரசாங்கச் செலவுல பாலம் கட்டிக்குவான். நான் உயிரோட இருக்கிறவரைக்கும் கோ பாஸ்டன் போகக் கூடாது.

— அதுக்கு நான் என்ன செய்யணும்?

— ஓட்டுச் சீட்டு. அறுபத்தொண்ணு. எப்பவும் போல என் நீலக் காகிதம், மேல என் கழுகுப் படம். ஆனா கீழ பேர் மட்டும்... ஏமஸ் பெக்கம்.

— உங்க நீலச் சீட்டுல பெக்கம் பேரா?

— எட்டுப் பேரும் எதுக்குக் கோ பக்கம் போறாங்க? தன் ஆளு ஜெயிக்க மாட்டான்னுதானே? ஜெயிப்பான்னு தெரிஞ்சா போவாங்களா? ஏய் ஜோசையா, நீ அந்த எட்டுல ஒருத்தன்தானே? நீயே சொல்லு.

— ஜெயிப்பார்னு தெரிஞ்சா நாங்க ஒருத்தர்கூட அசைய மாட்டோம்ங்க ஐயா.

— கேட்டீங்களா? அறுபத்தொண்ணும் எட்டும் அறுபத்தொம்பது. முடிஞ்சுது. பெக்கம் ஒரு சாது. பாஸ்டன்ல போய் அடிமை, விடுதலைன்னு நாலு வார்த்தை பேசிட்டு வருவான். என் கடைக்கு அதனால என்ன நஷ்டம்?

— உங்க ஆளுங்க பேரைப் பார்த்துட்டு சண்டைக்கு வந்தா?

— எங்க ஆளுங்களா? எல்லாம் பள்ளிக்கூடம் போனவங்க. படிக்கத் தெரியும். ஆனா படிக்க மாட்டாங்க. நீலம், கழுகு, பெட்டிக்குள்ள போடு. பதினாறு வருஷமா அப்படித்தான். மிஸஸ் லோரிங், இது வெளிய போகக் கூடாது. முக்கியமா கோ காதுக்கு.

— இந்த அச்சாபீஸை என் வீட்டுக்காரர் விட்டுட்டுப் போய் இருபத்திரண்டு வருஷம் ஆகுது. ஒருத்தர் வேலையை இன்னொருத்தர்கிட்ட சொன்னதில்ல. குடுத்த வாசகத்துல ஒரு எழுத்து மாத்தினதில்ல. மூணு கட்சிக்கும் நான்தான் சீட்டு அடிக்கிறேன், இதுவரைக்கும் ஒருத்தர் குறை சொன்னது உண்டா?

— அதனாலதான் வந்தேன். ரெண்டரைக்கு வந்து வாங்கிக்கிறேன்.

— ...போயாச்சா?

— தெருவைத் தாண்டிட்டார்மா. நானும் ரெண்டு வரி கோக்கட்டுமா?

— வேண்டாம், எழுத்தைக் கோக்கிறது நான். நீ மை உருளையை எடு. ஒரு தாள்ல எட்டு சீட்டு, எட்டு தாள் போதும். நீலக் காகிதம் மூணாவது தட்டுல. இழு, இழு!

* * *

— ஏம்மா தபிதா! கடையில இருக்கியா?

— ஜோசையா, நீலத்தை எல்லாம் மாடிக் கொடியில போடு. சீக்கிரம்! ...வாங்க மிஸ்டர் கோ. கதவு ஒண்ணும் ஓடிப் போகாது, மெதுவாத் தட்டலாம்.

— அட போம்மா! என் வயிறு பத்திக்கிட்டு எரியுது, நீ கதவைப் பத்திப் பேசுற. அந்தக் கடைக்காரப் பய இருக்கானே, பட்டுக் கழுத்துப்பட்டை, அவன் தோலை உரிக்கிறேனா இல்லையா பாரு. பெக்கமைக் கோச்சு வண்டிக்கு அடியில கூட்டிட்டுப் போய்ப் பேசுறான்! அடியில! ரெண்டு பேரோட காலு மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு!

— அச்சாணி பார்த்திருப்பாங்க.

— அச்சாணியாம்! அவன் வாழ்நாள்ல குனிஞ்சு தன் செருப்பு வாரைக்கூடக் கட்டினதில்ல. நாலு ஓட்டு வேணும் அவனுக்கு. நாலை வாங்கிட்டான். பாஸ்டன் போயி மச்சானுக்கு பேங்கி நடத்த லைசன்ஸ் வாங்குவான். அப்புறம் எங்களை மாதிரி ஏழை சனம் அந்த பேங்கி வாசல்ல கையக் கட்டிக்கிட்டு நிக்கணும். நடக்குமா? நடக்க விடுவேனா?

— உங்ககிட்டயும் கொஞ்சம் முன்னாடி பெக்கம் பேசினாருன்னு கேள்விப்பட்டேனே?

— எங்கிட்ட சக்கரம் பத்திப் பேசினாரும்மா. ஆரக்கால் ஒண்ணு விட்டுப்போச்சாம். அது வேற, இது வேற.

— வேறதான். சொல்லுங்க, என்ன வேணும்?

— அது என்ன, மாடிப்படி மேல ஈரமாத் தொங்குது?

— அது வேற ஒருத்தர் வேலை. காட்டுறேன், வாங்க. ஆனா உங்க வேலையையும் அவருக்குக் காட்டிடுவேன். சம்மதமா?

— ஐயையோ, வேணாம் தாயி! என் வேலையை எவனும் பார்க்கக் கூடாது. இங்க வா, காதைக் குடு. மஞ்சள் காகிதம், எப்பவும் போடற சேவல் படம், அம்பத்தொம்பது சீட்டு. பேரு மட்டும் ஏமஸ் பெக்கம்.

— மிஸ்டர் கோ!

— கத்தாதே! அம்பத்தொம்பதும் எட்டும் அறுபத்தேழு. நெசமாச் சொல்றேன், பெக்கம் நல்ல மனுசன். என் சக்கரத்துக்குக் காசுகூட வேணாம்னுட்டார். எனக்கு இல்லேன்னாலும் போகுது, அந்தப் பட்டுக் கழுத்துப்பட்டை மூஞ்சி விழுறதைப் பார்த்தா எனக்கு ஒரு வருஷத்துக்குச் சோறு வேணாம். டேய் ஜோசையா, உங்க ஆளுங்க எட்டு பேரும் கெட்டியா நிப்பாங்களா?

— பாறை மாதிரி நிப்பாங்க ஐயா.

— நில்லு, நில்லு. அப்புறம் ஒரு விசயம் தம்பி. சத்திரத்துப் பக்கம் போயிடாதே. வர்ஜீனியாக்காரக் கிறுக்கன் ஒருத்தன் வந்திருக்கான். கறுப்பு ஆளு யாரைப் பார்த்தாலும் கையைப் பிடிச்சு இழுத்து விரலை எண்ணுறான். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு! என் கிடங்குல வேலை செய்யற வயசானவரையும் எண்ணியிருக்கான். நான் போயி என் முஷ்டியைக் காட்டி இதையும் எண்ணுடான்னேன்.

— விரலையா... எண்ணுறான்? எதுக்குங்க?

— யாருக்குத் தெரியும்? மூளை கலங்கின பய. சரிம்மா, ரகசியம்! உங்கிட்ட வெச்சா பெட்டியில வெச்ச மாதிரின்னுதான் வந்தேன்.

— ஒருத்தர் வேலையை இன்னொருத்தர்கிட்ட சொன்னதில்ல. குடுத்த வாசகத்துல ஒரு எழுத்து மாத்தினதில்ல. இருபத்திரண்டு வருஷம். பின்வாசல் வழியாப் போங்க, சேறு கம்மி.

— ...அம்மா. அம்மா! ரெண்டு பேருமே...

— வாயை மூடிக்கிட்டு மஞ்சள் காகிதத்தை எடு. சிரிக்காதே, சிரிச்சா தாள் கோணலா விழும். கழுகை எடுத்துட்டு சேவலை மாட்டு. கீழ இருக்கிற பேரைத் தொடவே வேண்டாம். நான் கோத்தது அப்படியே இருக்கு!

* * *

— மிஸஸ் லோரிங்! லோரிங் அம்மா! அம்மா!

— மூச்சு வாங்கு. தண்ணியைக் குடி. மணிச் சத்தம் கேட்டுச்சு, அப்புறம் ஒரு கூச்சல். அந்தக் கூச்சல் என்னன்னுதான் புரியல. நான் இங்க நகத்தைக் கடிச்சுக் கடிச்சு விரலே இல்ல.

— சபைத் தலைவர் பெட்டியைக் கவுத்தார். முதல் சீட்டு எங்க கட்சியோட வெள்ளை, பெக்கம். யாரும் கண்டுக்கல. ரெண்டாவது நீலம். தாக்ஸ்டர்னு சொல்ல வாயைத் தொறந்தவரு, தொறந்தபடியே நின்னுட்டார். பெக்கம்! மூணாவது மஞ்சள். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிட்டுப் பார்க்கிறார். பெக்கம்! அப்புறம் நீலம், பெக்கம், மஞ்சள், பெக்கம், மஞ்சள், பெக்கம்! பின் பெஞ்சுல ஒரு கிழவர் ஆண்டவரேன்னு எந்திரிச்சு நின்னுட்டார்.

— எத்தனை? கடைசியில எத்தனை?

— நூத்தி இருபத்தேழு!

— நூத்தி... ஒண்ணு எங்க போச்சு?

— பெக்கம் தனக்குத் தானே ஓட்டுப் போட்டுக்க மாட்டார்ல? ஆறு தடவையும் எட்டு ஏழாக் குறையக் கூடாதேன்னு நாங்க எல்லாரும் திட்டித்தான் அவரைத் தனக்கே போட வெச்சோம். இது கடைசிச் சுத்துதானேன்னு மனுஷன் கையால ஒரு சீட்டு எழுதிப் போட்டுட்டார். சபைத் தலைவர் அதை உரக்கப் படிச்சார். தபிதா லோரிங்!

— என்ன!

— பொம்பளை பேரு, செல்லாதுன்னு தள்ளிட்டாங்க. ஆனா படிச்சது படிச்சதுதான். ஊரே கேட்டுச்சு.

— அந்த ஆளுக்கு... அந்த ஆளுக்குக் கொஞ்சமாவது... போ, எனக்குக் கண்ணுல என்னமோ விழுந்துடுச்சு.

— மை தெறிச்சிருக்கும்.

— ஆமா, மைதான். கதவு பக்கம் பாரு, யாரோ ஓடி வர்றாங்க. ரெண்டு பேரு.

— மிஸஸ் லோரிங்! கண்ணியத்தை எல்லாம் மூட்டை கட்டி வெச்சுட்டுக் கேட்கிறேன், இது என்ன நியாயம்? மஞ்சள் சீட்டுல எப்படி பெக்கம் பேரு வந்துச்சு?

— நீ வாயை மூடுய்யா தாக்ஸ்டர்! தபிதா, நீலச் சீட்டுல எப்படிம்மா வந்துச்சு? எம் பேரைக் கெடுத்துட்டியே!

— மிஸ்டர் தாக்ஸ்டர், நீங்க குடுத்தது நீலம், கழுகு, பெக்கம். அப்படியே அடிச்சுக் குடுத்தேன். மிஸ்டர் கோ, நீங்க குடுத்தது மஞ்சள், சேவல், பெக்கம். அப்படியே அடிச்சுக் குடுத்தேன். ஒருத்தர் வேலையை இன்னொருத்தர்கிட்ட சொல்லாதேன்னு ரெண்டு பேரும் கேட்டுக்கிட்டீங்க. சொன்னேனா?

— சொல்லல...

— சொல்லியிருக்கலாம்ல தாயி!

— ஓ, இப்போ சொல்லியிருக்கலாமா? உங்க ரகசியத்தை நான் அவருக்குச் சொல்லியிருக்கணும், இல்லையா?

— அட, அப்படி இல்ல... ஏன்யா தாக்ஸ்டர், நீ எதுக்குய்யா பெக்கமுக்குப் போட்ட?

— நீ ஜெயிக்கக் கூடாதுன்னு. நீ?

— நீ ஜெயிக்கக் கூடாதுன்னு! ஹா! கோச்சு வண்டிக்கு அடியில என்னய்யா பேசின?

— அச்சாணி. ஆறு மாசமா ஆட்டம் குடுக்குது. நீ?

— ஆரக்கால்.

— கண்ணியமாச் சொன்னா, மிஸ்டர் கோ, வெளிய ஊர்க்காரங்க நிக்கிறாங்க. என்ன சொல்றது?

— என்ன சொல்றதா? பெக்கமை ஜெயிக்க வெச்சது டெமாக்ரட் கட்சின்னு சொல்வேன். அம்பத்தொம்பது ஓட்டு!

— அறுபத்தொண்ணு ஓட்டு விக் கட்சியோடது! அடிமை முறையை எதிர்த்து இந்த ஊர்ல முதல் குரல் குடுத்தது என் குடும்பம்!

— உன் குடும்பமா? போன வாரம் வரைக்கும் பெக்கமைக் கிறுக்கன்னு சொன்னவன் நீ! வழி விடு, நான்தான் முதல்ல அவரைத் தோள்ல தூக்குவேன்!

— நீ தூக்கினா தோல் நாத்தம் அடிக்கும்! நான் தூக்குறேன்!

— கதவு! கதவைச் சாத்திட்டுப் போங்க! ...சாத்தல. பரவாயில்ல ஜோசையா, இன்னிக்கு கொஞ்சம் குளிர் உள்ள வரட்டும். அந்தச் சத்தத்தைக் கேளு. ஊரே ஒரு சக்கரம் செய்யற மனுஷனைத் தோள்ல தூக்கிட்டுப் போகுது.

— கேட்குதும்மா. போன வருஷம் ஒரு ஓட்டுல தோத்தோம். அந்த ஒண்ணு இப்போ நம்மகிட்ட இருக்கு.

— அத்தைக்கு உடம்பு எப்படி?

— அம்மா, அத்தை கிடையாது.

— ம்.

— நான்டக்கெட்டும் கிடையாது. அந்தத் தீவை நான் கண்ணால பார்த்ததில்ல. உங்ககிட்ட ஒன்பது வருஷமா பொய் சொல்லிட்டேன். நான் பொறந்தது...

— வர்ஜீனியாவுல, நார்ஃபோக்குக்குத் தெக்க, ஆத்தோரத்துப் புகையிலைத் தோட்டம். அப்போ வயசு இருபத்துநாலு. வேலை செய்யும்போது மூக்கால முணுமுணுத்துப் பாடுவான். இடது காதுல பாதி வெட்டுப்பட்டிருக்கும்.

— ...உங்களுக்கு யார் சொன்னா?

— நீ இங்க வேலைக்குச் சேர்ந்து ஒரு மாசம். ஒருநாள் பேப்பர் கட்டை எடுத்துக்கிட்டுப் பக்கத்து ஊருக்குப் போயிருந்த. அந்த மத்தியானம் ஒருத்தன் வந்து இதே மேஜையில ஒரு காகிதத்தை வெச்சான். ஓடிப்போன ஆளைப் பிடிச்சுக் குடுத்தா பரிசு, இருநூறு நோட்டீஸ் வேணும்னான்.

— அடிச்சுக் குடுத்தீங்களா?

— மறுத்திருந்தா அடுத்த ஊர்ல போய்ச் சரியா அடிச்சிருப்பான். அடிச்சுக் குடுத்தேன். ஓடுற ஆளோட படத்தையும் பரிசுத் தொகையையும் பார்த்தான், சந்தோஷமா எடுத்துட்டுப் போயிட்டான். அவனும் நம்ம ஊர் ஓட்டுக்காரன் மாதிரிதான், படிக்கல.

— ஆனா குடுத்த வாசகத்துல ஒரு எழுத்து மாத்தினதில்லன்னு...

— அது எல்லார்கிட்டயும் சொல்றது. ஒரே ஒரு தடவை மாத்தினேன். வேற எந்தப் பாவப்பட்டவனும் மாட்டிக்கக் கூடாதேன்னு ராத்திரி முழுக்க யோசிச்சு, இந்த ஜில்லாவுலயே யாருக்கும் இல்லாத அடையாளமாப் பார்த்துப் போட்டேன். சத்திரத்துல இருக்கிறவன் கையில இருக்கிறது அந்தக் கட்டுதான். இடது காதுங்கிற இடத்துல, வலது கையில ஆறு விரல்னு கோத்தேன். இப்பவாவது அந்தத் தொப்பியைக் கழட்டுப்பா, ஒன்பது வருஷமா வேர்க்குது உனக்கு.